சந்திரனில் இரண்டு கிணறு

மனிதன் சந்திரனில் கால் வைத்தான் என்ற செய்தியை வானொலி சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை நடத்தும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி எனக்குக் கார் அனுப்பினார். பதினொரு ஆண்டுகளுக்கு முன்பும் அவர் எனக்கு அனுப்பியதுண்டு. அன்று வந்தது கார் அல்ல. தடியோடு நான்கு பேர்.

இடைப்பட்ட காலத்தில் ஆட்சி மாறிவிட்டது. ஆட்சி மாறியதும் அண்ணாச்சியின் தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறிவிட்டது. சீர்திருத்தம் பேசுகிறவனுக்கு மேடையில் ஒரு விளக்குக்கூடக் கொடாதவர்கள், இப்போது சீர்திருத்தக்காரன் ஒருவன் வந்து வாழ்த்தாத திருமணத்தைத் திருமணமாகவே மதிப்பதில்லை. கொள்கை வென்றுவிட்டது என்று என் தோழர்கள் துள்ளினார்கள். கொள்கை வெல்லவில்லை, கொள்கைக்குக் கிராக்கி வந்திருந்தது. கிராக்கி வந்த சரக்கை இந்த வட்டாரத்து வணிகர் எவரும் பிறர் கடையில் விட்டுவைத்ததில்லை.

"வாங்க தனுஷ்கோடி தம்பி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக, கலர் சாப்பிடுங்க" என்று சோடாப் புட்டியை அவரே உடைத்து என் முன் வைத்தார். மேசை மீது அச்சகத்திலிருந்து வந்த புது லேபிள்கள் ஈரம் காயாமல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முழுநிலா; நிலாவின் நெற்றியில் குத்தியபடி ஒரு ராக்கெட்; ராக்கெட்டின் வயிற்றில் அண்ணாச்சியின் இனிஷியல்.

"வெள்ளைக்காரன் இப்பத்தான் போயிருக்கான். நாம பதினோரு வருசத்துக்கு முன்னாலயே போயிட்டு வந்துட்டோம்லா. நாடகம் போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

'போட்டோம்' என்ற அந்தப் பன்மையைக் கலரோடு சேர்த்து விழுங்கினேன். போட்டவர்கள் வேறு. மேடையைப் பிடுங்கியவர் இவர்.

"ஆவணியில கம்பெனி விழா. அன்னைக்கு அதை மறுபடியும் போடணும். ஆனா எழுதின நோட்டு எங்கனயும் இல்லையாம். அம்புட்டு வசனமும் மனப்பாடமா வச்சிருக்கது நீங்க ஒரு ஆளுதான்னு அதுல நடிச்ச பலவேசம் சொல்லுதான். எழுதிக் குடுத்திருங்க."

"எழுதித் தருகிறேன்."

"ஒரே ஒரு திருத்தம். கிணறு ரெண்டு வேண்டாம். ஒண்ணு போதும். நாடகத்துல வார முதலாளியே அதை வெட்டி எல்லாத்துக்கும் தண்ணி குடுக்காரு. ஒத்துமைக் கிணறு. இப்ப உங்க ஆளுக பேசுறதும் அதைத்தான?"

"அண்ணாச்சி, சந்திரனில் தண்ணீர் கிடையாது."

"அது மத்தவன் வெட்டினா. முதலாளி வெட்டினா வராம போயிருமா?"

அந்த நாடகத்தைக் கண்டிராதவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் பெயர் 'சந்திரனில் இரண்டு கிணறு'. ஐந்தே ஐந்து மாலை ஓடியது: விருதுநகரில் மூன்று, சிவகாசியில் இரண்டு. ஐந்தையும் கண்டவன் நான். ஒத்திகைகளையும் கண்டவன். பேசுவதற்கென்றே பிறந்தவன் என்று என்னைச் சொல்வார்கள். அந்த நாடகத்தின் எதிரே மட்டும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

1957-இன் இறுதியில் ரஷ்யா ஒரு செயற்கை நிலவை வானில் ஏவியது. நம் ஊர்ச் சோதிடர்கள் அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கிப் பலன் சொல்லத் தொடங்கினார்கள். அதே மாதம், விருதுநகரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்துவந்த ஞானபூரணி டீச்சர், தேர்வு முடிந்து மிஞ்சிய வெற்றுத் தாள்களை நோட்டாகத் தைத்து அதில் இந்த நாடகத்தை எழுதினார். ஓரங்களில் ராக்கெட் படங்களை வரைந்தார். நோட்டீசில் தம் பெயரைப் போட வேண்டாம் என்றார். பள்ளி நிர்வாகத்துக்குச் சிரிப்பு பிடிக்காது.

அன்றைய மேடையில் வேறு என்ன இருந்தது? ஒரு பக்கம் புராணம்: அட்டைக் கிரீடம், சரிகை போன சால்வை, போரில் மாண்ட அரசன் கைதட்டலைக் கேட்டு எழுந்து, பாட்டை மறுபடி பாடிவிட்டு, மறுபடியும் மாண்டுபோவான். மறுபக்கம் எங்கள் சீர்திருத்த நாடகம்: கதாநாயகன் காதலியைத் தோட்டத்தில் சந்தித்து முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றுவான், அவளும் வெட்கத்தை மறந்து கைதட்டுவாள். இரண்டிலும் விளக்கு இருந்தது, வெளிச்சம் இல்லை. இவற்றுக்கு நடுவில் மூங்கில் தட்டியைச் சுருட்டி, சிகரெட் பெட்டி ஈயத்தாளை ஒட்டி, உச்சியில் ஒரு கூடையைக் கவிழ்த்து, ஒரு ராக்கெட் வந்து நின்றது. நேராகவும் நிற்கவில்லை, வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. அதற்குள் இருந்தவர்களும் அதே அளவு தலை சாய்த்தே பேசினார்கள். அந்தச் சாய்வுக்கே பாதி சிரிப்பு.

கதை இதுதான். பொன்னுரங்கம் என்ற பட்டாசு முதலாளி, வேற்று நாட்டான் முந்திவிடக் கூடாதென்று, தீபாவளி ஆர்டரை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு ஒரு ராக்கெட் செய்கிறார். தானும் ஒரு தொழிலாளியும் ஏறிக்கொள்கிறார்கள். திரியை உள்ளேயிருந்து பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தவன் ஓட வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் நடை பழகும் முன்பே பழகும் பாடம். தொழிலாளி பற்றவைக்கிறான், ஓடுகிறான், ஓட இடமில்லை, ராக்கெட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடுகிறான். "எங்கன ஓடுதே?" என்று முதலாளி கேட்க, "தெரியல முதலாளி, காலு பழகிப்போச்சு" என்பான். பட்டாசு வேலைக்காரர்கள் அந்த இடத்தில் தரையில் உருண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். புராண நாடகத்தின் எந்த அசுரனும் அவர்கள் காலை அறிந்திருந்ததில்லை.

சந்திரனில் இறங்கியதும் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. முதலாளிக்குச் சினம். "எனக்குமா ஆறுல ஒண்ணு? அவனுக்கும் ஆறுல ஒண்ணுதானா? இது என்ன ஊர்லே?" அங்கே பாறையிலிருந்து முளைத்தவன்போல ஒரு நிலாக்காரன் வருகிறான். இந்த வேடம் பலவேசத்துக்கு. அண்ணாச்சியின் தொழிற்சாலையில் வெடிமருந்து இடிக்கும் பலவேசம் ஓர் எழுத்தும் அறியாதவர். டீச்சர் சொல்லச் சொல்லக் காதால் பயின்றவர். இடுப்பளவு நீரில் நடப்பதுபோல் அவர் மெல்ல மிதந்து வந்ததும் அரங்கு மூச்சடக்கும். முதலாளி அவனுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், தொழிலாளியிடம் மண்வெட்டியைக் கொடுத்து, "முதல்ல இங்கன ஒரு கிணறு வெட்டு. அங்கன ஒண்ணு வெட்டு" என்பார்.

"தண்ணி இல்லையே முதலாளி."

"தண்ணி பொறவு வரும்லே. கிணறு முதல்ல ரெண்டா இருக்கணும்."

பிறகு நாடகம் முழுதும் ஒரே வழக்கு: நிலாக்காரன் எந்தக் கிணற்றில் இறைப்பது? அவன் தகப்பன் பெயரைக் கேட்டால், பாறை என்கிறான். தொழிலைக் கேட்டால், சும்மா இருப்பது என்கிறான். ஊரைக் கேட்டால், காலடியைக் காட்டுகிறான். தீர்ப்பு வருவதற்குள் வானத்தில் பூமி உதிக்கிறது, நீல விளக்கொளியில் ஒரு பெரிய வட்டமாக. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நிலாக்காரன் அந்த வட்டத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, சபையைப் பார்த்துக் கேட்பான்: "அங்கன எத்தனை கிணறு?"

திரை.

முதல் நான்கு மாலையும் மக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். முன்வரிசைச் செல்வர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். விருதுநகர்ச் செல்வர்கள் பொன்னுரங்கத்தைச் சிவகாசிக்காரர் என்று எண்ணினார்கள். சிவகாசிச் செல்வர்கள், அது விருதுநகர் வத்தல் கமிஷன் கடைக்காரர் ஒருவரின் நடை என்று அடித்துச் சொன்னார்கள். லட்சுமிகாந்தம் அண்ணாச்சி நான்கு மாலையும் வந்தார். "நல்லாக் கேட்டான்யா எழுதினவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம் பாட்டனைச் சில தெருக்களில் நடக்க விடாதவர்களை இன்றும் மன்னிக்காத குடும்பம் அவருடையது. அதே குடும்பத்துத் தொழிற்சாலையில் மருந்து இடிக்கும் கைகளுக்கு ஒரு கிணறு, கணக்கு எழுதும் கைகளுக்கு ஒரு கிணறு. தம் வீட்டு முகத்தை மேடையில் பார்த்து, பக்கத்து ஊர்க்காரனின் முகம் என்று மகிழ்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இந்தக் கதையில் இழிவாகச் சொல்ல வேண்டியவர்கள் பலர்; அவர்களுள் முதலாமவனை இனிமேல்தான் சொல்லப்போகிறேன். புரியாமல் சிரிப்பது பகுத்தறிவுக்குச் செய்யும் துரோகம் என்று நான் கருதினேன். துண்டறிக்கையில் எழுத்துக் கற்றவன்; மேடையில் மூச்சுக் கற்றவன். விளக்கப்படாத உண்மை எனக்குப் பாதி உண்மை. ஐந்தாம் மாலைக்கு முன் இரண்டாயிரம் நோட்டீசு அடித்தேன். தலைப்பு: 'யார் இந்தப் பொன்னுரங்கம்?' அதில் எழுதினேன்: "சிந்திக்கத் தெரிந்த செந்தமிழரே, சிரித்தீர்களே, எதைக் கண்டு சிரித்தீர்கள்? இவன் அடுத்த ஊரான் அல்லன். அடுத்த தெருவானும் அல்லன். ஆமத்தூர்ச் சாலையில் இரண்டு கிணறு வெட்டி வைத்திருக்கும் கோமான்களே, பொன்னுரங்கம் நீங்கள்தாம்." அதோடு விட்டேனா? நாடகத்தை எழுதியவர் ஒரு பெண், இன்ன பள்ளியின் ஆசிரியை ஞானபூரணி என்று, பெண்ணுரிமையை முழக்குவதாக எண்ணிக் கொட்டை எழுத்தில் போட்டேன். திரை உயருமுன் மேடையேறி நாற்பது நிமிடம் அதையே பேசினேன்.

அன்று நாடகத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ராக்கெட்டுக்குள் தொழிலாளி ஓடினான். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். பின்வரிசைத் தொழிலாளர் முன்வரிசை முதுகுகளைப் பார்த்தார்கள். "அங்கன எத்தனை கிணறு?" என்று பலவேசம் கேட்டபோது முன்வரிசை ஏற்கெனவே காலியாகியிருந்தது.

மறுநாள் நாடகம் நடந்த பொட்டலுக்குக் கொடுத்த அனுமதி போயிற்று. தட்டிகளும் நாடகப் பெட்டியும் அண்ணாச்சியின் தொழிற்சாலைக் கிடங்குக்குப் போயின. என்னைத் தேடித் தடிகள் வந்தன. பள்ளி நிர்வாகம் டீச்சரை மல்லாங்கிணற்றுக்கு மாற்றியது. எனக்கு மட்டும் மதுரையில் ஒரு மாநாட்டில் மாலை போட்டு, அஞ்சாநெஞ்சன் என்றார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.

நோட்டு என்ன ஆயிற்று என்பது பின்னால்தான் தெரிந்தது. பட்டாசுக் குழாய் சுருட்டப் பழைய காகிதம் வேண்டும். பள்ளி நோட்டு, கடைப் பேரேடு, செய்தித்தாள், எதுவானாலும் கட்டுக் கட்டாக வீடுகளுக்குப் போகும். பசை தடவிக் குழாயாகத் திரும்பிவரும். கிடங்கில் கிடந்த நாடகப் பெட்டியிலிருந்த காகிதமும் அப்படியே ஒரு கட்டோடு போயிற்று. போன வீடு பலவேசத்தின் வீடு. அவரும் அவர் மனைவி பஞ்சம்மாளும் இரண்டு நாள் உட்கார்ந்து சுருட்டினார்கள். ஒரு குழாயின் மேல் டீச்சர் வரைந்த ராக்கெட் படம் தெரிந்தபோதுதான் பலவேசத்தின் கை நின்றது. அதற்குள் நாடகம் காய்ந்துவிட்டிருந்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அது எந்தெந்தத் தெருவில் வெடித்ததோ.

ஆகவே மிச்சமிருந்தது என் தலைக்குள் இருந்தது ஒன்றே. அதைத்தான் அண்ணாச்சி கேட்டார், ஒரு கிணற்றைத் தூர்த்துவிட்டு.

எழுதிக் கொடுக்காவிட்டால் நாடகம் என்னோடு போகும். ஒற்றைக் கிணற்றோடு எழுதிக் கொடுத்தால் நாடகம் அண்ணாச்சியின் விளம்பரமாக வாழும். முடிவு செய்யும் உரிமை என்னுடையதன்று. பேருந்தேறி மல்லாங்கிணறு போனேன்.

டீச்சர் வீட்டு முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நரை விழுந்திருந்தது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க. மேடை இல்லாத ஊருக்கு உங்களுக்கு வழி எப்படித் தெரிஞ்சது?"

"டீச்சர், நான் உங்களிடம் மன்னிப்பு..."

"உக்காந்து கேளுங்க. நின்னுட்டுக் கேட்டா நாப்பது நிமிசம் ஆகும்."

உட்கார்ந்தேன். அண்ணாச்சி கேட்டதைச் சொன்னேன். அவர் சிவப்பு மையை மூடிவைத்தார்.

"ஒத்துமைக் கிணறா? அதுக்கு ஏன் சந்திரன் வரைக்கும் போகணும்? ஆமத்தூர் ரோட்டுலயே வெட்டலாமே."

"உங்கள் பெயரை நோட்டீசில் பெரிதாகப் போட்டால்தான் வசனம் தருவேன் என்று சொல்லப்போகிறேன். பதினொரு ஆண்டு அநீதிக்கு..."

"என் பேரு வேண்டாம். ஏற்கெனவே ஒருதரம் பெருசாப் போட்டீக, பாத்தேன். எனக்குக் கிணறு ரெண்டும் வேணும். அதை ஒருதரம் முழுசாப் பாக்கணும். சிரிச்சுக்கிட்டே பாக்கணும். அஞ்சாவது நாளு மாதிரி இல்லை, நாலாவது நாளு மாதிரி. உங்களால முடியுமா, சொல்லுங்க."

"அண்ணாச்சி விடமாட்டார். இரண்டாவது கிணறு தம்மைச் சொல்கிறது என்று நினைக்கிறார்."

"நினைக்கல. நீங்க அச்சடிச்சுக் குடுத்தீக, படிச்சாரு. நீங்க சொல்லுத வரைக்கும் அந்த மனுசன் வயிறாரச் சிரிச்சாருல்லா. நீங்க சொன்னதை நீங்களே தப்புன்னு சொல்லுங்க."

"தப்பென்றா?"

"நம்ம பக்கம் எல்லா ஊர்லயும் குடிக்க நல்ல தண்ணிக் கிணறு ஒண்ணு, துவைக்கக் குளிக்க உப்புத் தண்ணிக் கிணறு ஒண்ணு இருக்கா இல்லையா? நாடகம் அதைத்தான் சொல்லுதுன்னு எழுதுங்க. உங்க கையெழுத்தோட."

"அது பொய் டீச்சர்."

"நீங்க எழுதின உண்மையால எனக்கு மல்லாங்கிணறு கிடைச்சது. உங்க பொய்யால என்ன கிடைக்குன்னு ஒருதரம் பாப்பமே."

இருபது ஆண்டு மேடை வாழ்க்கையில் எழுதியதைத் திரும்பப் பெற்றவன் அல்லன் என்பதே என் ஒரே சொத்து. அதை அடைமானம் கேட்கவில்லை அவர். தூக்கி எறியச் சொன்னார். அதையும் விடைத்தாளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"யோசிங்க. பஸ்ஸு அஞ்சே முக்காலுக்கு. கருப்பட்டிக் காப்பி போட்டுத் தாரேன்" என்று எழுந்து உள்ளே போனார்.

மறுவாரம் என் இரண்டாவது நோட்டீசு வெளிவந்தது. 'ஒரு விளக்கமும் ஒரு வருத்தமும்' என்று தலைப்பு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் இந்நாடகத்தை நான் தவறாகப் பொருள் கொண்டேன் என்றும், இரண்டு கிணறுகளாவன நன்னீர்க் கிணறும் உவர்நீர்க் கிணறுமே என்றும், இதில் எவரையும் இழித்துரைக்கும் நோக்கமில்லை என்றும் எழுதினேன். என் உரைநடையிலேயே இழிந்த உரைநடை அது. எதுகை ஒன்றுகூட அதற்குள் வர மறுத்துவிட்டது.

அண்ணாச்சி அதை இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தம்பி? வீணா மனத்தாங்கலாப் போச்சு. எங்க வீட்டுலயே நல்ல தண்ணி ஒண்ணு, உப்புத் தண்ணி ஒண்ணு, ரெண்டு கிணறு. பொறவென்ன, ரெண்டும் இருக்கட்டும். வெட்டச் சொல்லுங்க."

என் தோழர்கள் அவ்வளவு எளிதில் மன்னிக்கவில்லை. விலைபோனவன் என்று அவர்களும் ஒரு நோட்டீசு அடித்தார்கள். எதுகையும் மோனையும் கொஞ்சும் நோட்டீசு. பாதி வரிகள் என்னிடம் கற்றவை. எங்கள் மன்றத்தின் பெயர்ப்பலகையிலிருந்து என் பெயரைச் சுரண்டினார்கள். இவர்களுக்கு விடை சொல்ல நான்கு பக்கம் எழுதி, டீச்சரை நினைத்துக் கிழித்தேன். கிழித்த தாளும் எந்த வீட்டில் குழாயாயிற்றோ.

வசனத்தைச் சொல்லச் சொல்லப் பழைய நடிகர்கள் கூடினார்கள். பொன்னுரங்கமாக நடித்த அச்சுக்கோப்பவர் ஜெயச்சந்திரனுக்குத் தொந்தி வந்திருந்தது. வேடத்துக்கு அது நல்லதாயிற்று. பலவேசத்துக்கு ஒரு வசனமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "நோட்டைத்தான் சுருட்டுனேன். இதைச் சுருட்டலை" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி நடக்கத் தொடங்கினார். பதினொரு ஆண்டுக்குப் பிறகும் அதே இடுப்பளவு நீர்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், தொழிற்சாலைக்கு எதிர்ப்பொட்டலில், மாலை ஆறு மணிக்கு ஆறாவது ஆட்டம். முன்னால் நாற்காலிகளில் இரண்டு ஊர் வணிகரும். பின்னால் தரையில் தொழிலாளரும் அவர்கள் வீட்டுப் பெண்களும். டீச்சர் பேருந்தில் வந்து, பஞ்சம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலி போடச் சொன்ன என்னைக் கையசைத்து விரட்டினார்.

"தம்பி, தொடக்கவுரை நீங்கதான?" என்றார் அண்ணாச்சி.

"இல்லை அண்ணாச்சி. நாடகத்தைத் தொடங்கச் சொல்லுங்கள்."

"ஏன், தொண்டைக்கு என்ன?"

"ஒன்றுமில்லை."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பேசாத பேச்சாளனை அவர் அதுவரை கண்டதில்லை.

ராக்கெட் சாய்ந்து நின்றது. தொழிலாளி திரியைப் பற்றவைத்து ஓடினான். பொட்டல் அதிர்ந்தது. எடை குறைந்த முதலாளி சினந்தபோது விருதுநகர் வணிகர் ஒருவர் சிவகாசி வணிகரின் தொடையைத் தட்டி, "உங்காளைத்தான் சொல்லுதான்" என்றார். "எங்க ஊர்ல இந்த நடை இல்லையே, உங்க பஜார்ல பாத்திருக்கேன்" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். அப்படியே நான்காம் மாலை திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

முதலாளி கிணறு வெட்டச் சொன்னார். "தண்ணி பொறவு வரும்லே. கிணறு முதல்ல ரெண்டா இருக்கணும்." அண்ணாச்சி இருபக்கமும் திரும்பி, நாற்காலிக்காரர்களுக்கு எல்லாம் விளக்கினார்: "ஒண்ணு நல்ல தண்ணி, ஒண்ணு உப்புத் தண்ணி." பின்னால் ஒரு மூலையில் கனைப்புப்போல் எழுந்த சிரிப்பு மெல்லப் பரவியது. அது முன்வரிசையின் சிரிப்பு அன்று, வேறு சிரிப்பு. எழுந்து நின்று அந்த இரண்டு சிரிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சபைக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. துண்டின் முனையைக் கடித்துக்கொண்டேன்.

பூமி உதித்தது. பலவேசம் அதைப் பார்த்தார், சபையைப் பார்த்தார்.

"அங்கன எத்தனை கிணறு?"

திரை விழ வேண்டிய இடம். விழுமுன், தரையிலிருந்து ஒரு பெண் குரல் சாவகாசமாக விடை சொன்னது. பஞ்சம்மாள்.

"ரெண்டு."

"எங்க ஊர்லயும் ரெண்டு" என்றது இன்னொரு குரல். "எங்க தெருவுக்குன்னு தனியா ஒண்ணு" என்றது வேறொன்று. திரைக்கயிற்றைப் பிடித்திருந்தவர் கயிற்றை மறந்துவிட்டார்.

லட்சுமிகாந்தம் அண்ணாச்சி எழுந்தார். அறியாத மக்களுக்கு அறிவு புகட்டும் பொறுப்பு தம்முடையது என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். பின்பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, ஏறத்தாழ என் குரலிலேயே பேசினார்:

"ஆமா, ரெண்டுதான். சரியாச் சொன்னீக. நல்ல தண்ணிக்கு ஒண்ணு, உப்புத் தண்ணிக்கு ஒண்ணு. அதான் இதுக்கு அர்த்தம்."

"தெரியும் முதலாளி" என்றாள் பஞ்சம்மாள், உட்கார்ந்தபடியே. "உப்புத் தண்ணி எங்களுக்கு."

அந்தப் பொட்டல் அதுவரை கேட்டிராத சிரிப்பு அன்று எழுந்தது. பலவேசம் நிலாக்காரன் என்பதை மறந்து மேடையிலேயே குந்திச் சிரித்தார். ஜெயச்சந்திரனின் தொந்தி குலுங்கியது. அண்ணாச்சியும் சிரித்தார், தாம் சொன்னது எடுபட்டது என்ற மகிழ்ச்சியில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார், பதினொரு ஆண்டுகளுக்கு முன்போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதிய பொய், அவர் வாயிலிருந்து பஞ்சம்மாளின் வாய்க்குப் போனதும் உண்மையாகிவிட்டது.

கூட்டம் கலைகையில் டீச்சர் என் பக்கம் வந்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது நிமிசம் மிச்சம்" என்றார். பேருந்துக்குப் போய்விட்டார்.

இதை இப்போது எழுதுவதும் விளக்கம்தானே என்று கேட்பவர் உண்டு. ஆறாவது மாலை முடிந்துவிட்டது. இனி என் விளக்கத்தால் கெடுவதற்கு அதில் ஒன்றும் மீதியில்லை. ஏழாவது மாலை இல்லை. மறுவாரமே தீபாவளி சீசன் சூடுபிடித்தது. நாடகத்தை எல்லாரும் மறந்தார்கள்.

அண்ணாச்சி மறக்கவில்லை. முழுநிலாவும் இனிஷியலும் போட்ட பழைய லேபிளை நிறுத்திவிட்டு, புது லேபிள் அடித்தார். சந்திரன், அதன் மேல் அருகருகே இரண்டு கிணறு, கீழே கொட்டை எழுத்தில் 'இரட்டைக் கிணறு மார்க்'. ஒரு பெட்டியை எனக்கும் அனுப்பியிருந்தார். ஆமத்தூர்ச் சாலையில் அந்தப் பழைய இரண்டு கிணறுகளும் அப்படியே இருக்கின்றன. ஒட்டுகிற பெண்கள் ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு சிரிப்பாக ஒட்டுகிறார்களாம். வேலை சுணங்குகிறது என்று மேஸ்திரி குறைப்பட்டாராம். ஆர்டர் எடுக்க வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகள் லேபிளைத் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார்கள். அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் கலர் கொடுத்து, உட்காரவைத்து, நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் சொல்கிறார்.

ஒருமுறை நானும் அங்கே இருந்தேன். "அப்படித்தான தம்பி?" என்றார் என்னைப் பார்த்து.

"நீங்கள் சொன்னால் சரிதான் அண்ணாச்சி" என்றேன். கலரைக் குடித்து முடித்தேன்.